ஹட்டன் கிளையில் ஒரு குடும்பஸ்தன்

வங்கிக்காரனைப் பார்க்க நாள் முழுக்க ஆட்கள் வருவார்கள். கதவைச் சாத்தியபின் அவனைத் தேடி ஒருவரும் வரமாட்டார்கள். குடும்பத்தை ஓர் ஊரிலும் தன்னை வேறோர் ஊரிலும் வைத்துச் சம்பளம் வாங்கிய உத்தியோகத்தர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த அடுத்த வருடம் மலைநாட்டு ஹட்டனில் ஒரு சின்ன வங்கிக் கிளைக்குக் கிளார்க்காகப் போனேன். மனைவி கமலத்துக்கு மூச்சிழுப்பு. அந்த ஊர்ப் பனியை அவளால் ஒரு வாரம்கூடத் தாங்க முடியவில்லை. அவளும் கைக்குழந்தை சாந்தியும் எங்கள் ஊரான மாத்தளைக்கே திரும்பிவிட்டார்கள். நான் கடைத்தெருவில் ஒரு மாடியறை பிடித்துக்கொண்டு, மாதக் கடைசிச் சனிக்கிழமை மட்டும் ரெயிலேறினேன்.

செருப்பு எடுத்துக் கொடுத்தவள்

சாந்திக்கு மூன்று வயதிருக்கும். ஞாயிறு நான் கிளம்பப் பையை எடுத்ததும், ஓடிப்போய் என் செருப்பைக் கொண்டுவந்து வைத்தாள். எனக்குப் பூரிப்பு. "பாத்தியா, அப்பா மேல எவ்வளவு பாசம்!" என்றேன் கமலத்திடம். பிள்ளை அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "இந்த மாமா போனதும் நாம கட்டில்ல படுக்கலாமாம்மா?" என்று கேட்டது. கமலம் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

மறுநாள் காசாளர் சில்வாவிடம் சொன்னேன். அவர் குடும்பம் தெற்கே காலி நகரத்தில். சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "கவலப்பட வேணாம் மிஸ்டர் நடராஜன். என்ட மகன் காலேஜ் போறான், இன்னமும் நமக்கு அப்பா இல்ல, 'சேர்'தான் சொல்றது."

சனிக்கிழமை ராமையா

பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ராமையா என்று ஒரு கிழவர். இந்த வாரம் தன் கணக்கில் ஒரு ரூபாய் போடுவார். அடுத்த வாரம் அதையே எடுப்பார். அதற்கடுத்த வாரம் மறுபடி போடுவார். மழையில் தலைக்குச் சாக்கு போட்டுக்கொண்டு அத்தனை தூரம் நடந்து வருவதைப் பார்த்து, "பணம் அது பாட்டுக்குக் கிடக்கட்டுமே பெரியவரே, ஏன் அலையுறீங்க?" என்று கேட்டேன்.

அவர் பதிலைக் கேட்டபின் நான் அதைப்பற்றி மறுபடி பேசவில்லை. அவர் முறை வந்தால், "சின்னசாமி மகன் ராமையா!" என்று கொஞ்சம் உரக்கவே கூப்பிடுவேன். அவர் சொன்னது இதுதான்: "மகன் குடும்பத்தோட இந்தியாவுக்குக் கப்பலேறிட்டாங்க. லயத்து வீடுகள்ல எல்லாருக்கும் நான் கெழவன்தாங்க. என் பேரையும் எங்கப்பன் பேரையும் சேத்துச் சொல்லிக் கூப்புடுறது இந்த ஒரு எடந்தாங்க."

வட்டவளைச் சரிவு

ஊரே அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் காய்கறி லொறிக்காரர் காசிம் நானா இரண்டாவது லொறி வாங்கக் கடன் கேட்டிருந்தார். போதிய ஈடு இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அதை நானாவிடம் சொல்லும் வேலை எனக்கு. அவர் விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

அந்த மாதமே தந்தி வந்தது: கமலம் ஆஸ்பத்திரியில், உடனே வரவும். ரெயில் வட்டவளை ஸ்டேஷனோடு நின்றுவிட்டது. அப்பால் தண்டவாளத்தின்மேல் மண் சரிந்து கிடந்தது. ரோட்டுக்கு ஏறிப்போய் மழையில் நின்றேன். கோவா என்கிற முட்டைக்கோஸ் ஏற்றிய லொறி ஒன்று நின்றது. ஓட்டி வந்தவர் நானா. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "ஏறுங்க" என்றார், அவ்வளவுதான். கண்டியில் இறக்க வேண்டிய சரக்கை இறக்காமலே, கண்டியைத் தாண்டி மாத்தளை ஆஸ்பத்திரி வாசல்வரை ஓட்டினார். இறங்கி அவர் கையைப் பிடித்தேன். நன்றி சொல்ல ஆரம்பித்தேன்.

கையை உதறிக்கொண்டு சொன்னார்: "ஈடு கேக்காமத்தானே ஏத்திட்டு வந்தேன்? இங்க நிண்டு பேசாம, உள்ளுக்குப் போய் ஊட்டுக்காரியப் பாருங்க."

மாற்றல்

கமலம் தேறிவிட்டாள். அதன்பிறகு வருடா வருடம் மாத்தளைக்கு மாற்றல் கேட்டேன். கிடைக்கும்போது என் தலை நரைத்திருந்தது. சாந்தி படிப்பை முடித்திருந்தாள். இனி மூன்று பேரும் ஒரே வீட்டில் என்று நினைத்துக்கொண்டிருந்த வாரத்திலேயே அவளுக்கு ஆசிரியை நியமனம் வந்தது. ஹட்டனுக்கும் மேலே, வட்டகொடைப் பக்கம், ஒரு தோட்டப் பள்ளிக்கூடம்.

நானே கூட்டிப்போய், அவள் தங்கும் அறையைப் பார்த்துக் கொடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "ரொம்பக் குளிருமாப்பா?" என்றாள். என் கம்பளியை அவளிடம் கொடுத்து, "பழகிடும்மா" என்றேன். எனக்கு அது கடைசிவரை பழகவே இல்லை.

மறுநாள் ஹட்டன் கிளையில் விடைபெறப் போனேன். இன்னமும் காலிக்கு மாற்றல் கிடைக்காத சில்வா என் தோளில் கை வைத்தார். "இவ்வளவு காலம் மாசக் கடைசில நீங்க ரெயில் ஏறினது. இனி மகள் வர்ற ரெயில் பாத்து நீங்க நிக்கிறது. அவ்வளவுதானே மிஸ்டர் நடராஜன்?"

போட்ட பணத்துக்கெல்லாம் வட்டி கொடுக்கும் வங்கி, வீட்டை விட்டிருந்த நாட்களுக்கு மட்டும் அசலைக்கூடத் திருப்பித் தருவதில்லை.