கறுப்புப் பந்து ஏன் விழவில்லை

மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்த இடமெல்லாம் நல்ல சொல்லே வந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் கணக்காய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன். எல்லாம் ஒழுங்காக இருக்கிற இடத்தில்தான் இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்க்க வேண்டும் என்பது வேலைக்காலம் முழுக்க நான் கண்ட உண்மை. சாதகக் குறிப்புப் பொருந்துகிறது, படிப்பு இருக்கிறது, அரசாங்க உத்தியோகம், தென்மராட்சியில் தோட்டம் துரவுள்ள குடும்பம், குடி இல்லை, வெளிநாட்டுக்கு ஓடும் எண்ணமும் இல்லை. புறோக்கர் இவ்வளவையும் மூச்சு விடாமல் ஒப்புவித்தபோது என் மனைவியின் முகம் மலர்ந்தது. இவ்வளவு நல்லவன் ஏன் இன்னும் மிச்சமாகக் கிடக்கிறான் என்றுதான் நான் யோசித்தேன்.

மகளுக்கு முப்பது நடக்கிறது. முந்தி வந்த சம்பந்தங்களையெல்லாம் குழப்பியது நான்தான் என்று மனைவி சொல்லுவாள். குழப்பவில்லை, விசாரித்தேன். விசாரித்தால் ஏதாவது அகப்படாமல் போகாது. ஆனால் இந்த முறை ஒரு வித்தியாசம். படத்தைப் பார்த்த மகள், "எனக்குச் சம்மதம் அப்பா" என்று தன் வாயால் சொன்னாள். முன்னர் ஒருபோதும் அவள் அப்படிச் சொன்னதில்லை. இனி என்னுடைய ஓம் மட்டும்தான் பாக்கி. அதை நான் மலிவாகக் கொடுக்க விரும்பவில்லை.

பெடியன் வேலைக்காகக் கொக்குவிலில் அறை எடுத்து இருந்தான். எங்கள் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வரக்கூடிய தூரம்தான். அவன் அறை இருந்த ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவின் முனைக் கடையில் சோடா ஒன்று வாங்கிக் குடித்தபடி கடைக்காரரின் வாயைக் கிண்டினேன்.

"தங்கமான பெடியன். பின்னேரத்திலை உந்தப் பில்லியட்ஸ் மேசையிலை கோலாலை பந்தடிக்கப் போறவர். வேறை ஒண்டும் இல்லை," என்றார் அவர்.

"வேறை ஒண்டும் இல்லை" என்று சொன்ன எத்தனையோ காசாளர்களை நான் கண்டிருக்கிறேன். நெருப்பில்லாமல் புகையாது. வீட்டுக்கு வந்து, "மேசையிலை பந்தடிக்கப் போறானாம். ஒருக்காப் போய்ப் பாக்கத்தான் வேணும்," என்றேன். மனைவியும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

அந்த விளையாட்டு எனக்கு முற்றாகத் தெரியாததல்ல. இளம் உத்தியோகத்தனாக இருந்த காலத்தில் பட்டினத்திலிருந்த ஒரு கிளப்பில் பில்லியட்ஸ் பழகியவன் நான். அந்த மேசை ஒரு சிறிய அறையை நிறைக்கும். மேலே நிழற்குடை போட்ட விளக்குகள், பச்சைத் துணி, மூன்றே மூன்று பந்துகள். புள்ளி சொல்வதற்கென்று மார்க்கர் ஒருவர் நிற்பார். அவர் "சேர்" என்று கூப்பிடும் விதத்திலேயே ஆளின் பதவி தெரிந்துவிடும். பச்சைத் துணிக்குக் கீழே பாரமான கற்பலகைகள் இருக்கும். போர்க்கால இடப்பெயர்வு முடிந்து வந்து பார்த்தபோது மேசையின் மரம் விறகாகிப் போயிருந்தது. கற்பலகை ஒன்றைச் சில காலத்துக்குப் பிறகு ஒரு வீட்டுக் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல்லாகக் கண்டேன். சந்தையில் வாங்கியது என்றார்கள். அந்த வீட்டில் நான் இன்றுவரை தண்ணீர் குடிப்பதில்லை.

பெடியன் போகிற இடம் வேறு விதமாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் போட்டதாம். கறுப்புக் கண்ணாடிக் கதவு. உள்ளே நடப்பது வெளியே தெரியக்கூடாது என்றால் உள்ளே என்ன நடக்கிறது? கதவைத் தள்ளியதும் ஏசிக் குளிர் முகத்தில் அடித்தது. சின்ன மேசைகள், நீலத் துணி, நம்பர் போட்ட பல நிறப் பந்துகள். சுவரில் கோல்கள் வரிசையாகச் சாத்தியிருந்தன. தொலைக்காட்சியில் எந்த நாட்டுப் பந்தாட்டமோ சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. "புகைத்தல், மது தடை" என்று ஒரு பலகை தொங்கியது. பழக்கம் இல்லாத இடத்தில் பலகைக்கு என்ன வேலை? மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். யாரோ பூசிய சென்ற் மணத்தைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

படத்தில் கண்ட முகம் கடைசி மேசையில் தனியாக நின்று விளையாடிக்கொண்டிருந்தது. நான் ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்தபடி ஓரமாக நின்றேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ஆரையும் தேடுறியளோ அங்கிள்?"

"இல்லைத் தம்பி. ரயிலுக்கு நிக்கிறன். நேரம் கிடக்கு, அதுதான் சும்மா பாப்பமெண்டு வந்தனான்."

"அப்ப ஒரு கேம் விளையாடுவமோ?"

ஒருவனை அறிய அவனோடு விளையாடுவதைவிட வேறு வழி வேண்டுமா? ஹெல்மெட்டைக் கதிரையில் வைத்துவிட்டு ஒரு கோலை எடுத்தேன். நுனிக்கு நீலச் சோக்கைத் தேய்த்ததும் கை பழைய பழக்கத்துக்கு வந்தது. அவன் விதியைச் சொன்னான். கோலால் அடிப்பது வெள்ளைப் பந்தை மட்டும், அது போய் மற்றதைத் தள்ள வேண்டும். முழு நிறப் பந்துகள் ஒருவருக்கு, கோடு போட்டவை மற்றவருக்கு. தன்னுடையதை எல்லாம் குழியில் போட்ட பிறகு கறுப்பைப் போடுபவன் வென்றவன்.

முதலில் தடுமாறினேன். பிறகு ஒன்றிரண்டு நல்ல அடிகள் விழுந்தன. அவன் அமைதியாக விளையாடினான். தன் பந்துகளை எல்லாம் போட்டு முடித்தான். எனக்கு இன்னும் இரண்டு கிடந்தன. கறுப்புப் பந்து மூலைக் குழியின் வாசலில் நின்றது. வெள்ளை அதற்கு நேர் பின்னால், ஒரு முழம் கூட இல்லை. பால்குடிப் பிள்ளையும் போடும். அவன் குனிந்தான், அடித்தான். கறுப்பு குழியின் கன்னத்தில் முட்டித் திரும்பியது. வெள்ளை நிதானமாக உருண்டு வந்து என் பந்துக்கு நேராக நின்றது.

நான் மிச்சத்தைப் போட்டேன். கறுப்பையும் போட்டேன்.

"நல்லா விளையாடுறியள் அங்கிள்," என்றான்.

ஒழுங்கை முடியும் வரை எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கோயிலடித் திருப்பத்தில் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிவிட்டேன். தவறி அடிக்கிறவனின் வெள்ளை கண்டபடி ஓடும். இவனுடைய வெள்ளை எனக்குப் பந்திப்பாய் விரித்துக் கொடுத்ததுபோல வந்து நின்றது. அது பிழை அல்ல, வேலைப்பாடு. முகத்தில் ஒரு சுழிப்பும் இல்லாமல் ஒரு பெரிய மனிதனை ஏமாற்றத் தெரிந்தவன், நாளைக்கு என் பிள்ளையை ஏமாற்ற எவ்வளவு நேரம் எடுக்கும்? ரயிலுக்கு நிற்கிறேன் என்று நானும் பொய்தான் சொன்னேன். பாம்பின் கால் பாம்பறியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"உது சரிவராது. உவன் பொய்யன்," என்று வீட்டில் அறிவித்தேன்.

"என்ன பொய் சொன்னவர்?" என்று கேட்டாள் மனைவி.

"கறுப்புப் பந்தை வேணுமெண்டு விட்டவன்."

மனைவி கையில் இருந்த அகப்பையோடு அப்படியே நின்றாள். மகள் அறைக்குள் போனாள். அவள் என்னோடு ஒருபோதும் வாதாடியதில்லை. அதை நல்ல வளர்ப்பு என்று நான் பிறருக்குச் சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் அன்றிரவு அவளுடைய அறையில் விளக்கு எரியவே இல்லை. அந்த இருட்டு எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு பற்றுச்சீட்டை மட்டும் பார்த்து ஒருவனைக் குற்றவாளி ஆக்கக்கூடாது என்பதும் என் தொழில் விதிதான். சனிக்கிழமை அவனுக்கு விடுமுறை. காலையிலேயே திரும்பப் போனேன். மகளுக்காகத்தான் போனேன் என்று சொல்ல ஆசை. உண்மை என்னவென்றால், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கோல் பிடித்து வென்ற அந்த இனிப்பு வெறும் போலியாக இருக்குமோ என்று எனக்குக் கோபமாகவும் இருந்தது.

அவன் அங்கேதான் நின்றான். நான் சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, நான் ஆரெண்டு சொல்லத் தேவையில்லை எண்டு நினைக்கிறன். இண்டைக்கு உண்மையா விளையாடும்."

அவன் கோலுக்குச் சோக்குத் தேய்த்தான். "ஓம் அங்கிள்," என்றான்.

முதல் அடியை அவன் அடித்தான். பந்துகள் சிதறி ஒன்று குழிக்குள் போனது. அதற்குப் பிறகு என் முறை வரவேயில்லை. ஒரு பந்தைப் போடும்போதே அடுத்ததற்கு வெள்ளை எங்கே நிற்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. மேசையைச் சுற்றி நடந்தான், குனிந்தான், போட்டான். கறுப்பு கடைசியாக விழுந்தபோது என் கோலின் நுனியில் தேய்த்த சோக்கு அப்படியே இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அவனுடைய விளையாட்டு அழகாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அப்ப அண்டைக்கு ஏன் விட்டனீர்?"

அவன் பந்துகளைக் கூட்டிக்கொண்டிருந்தான். "சொன்னால் கோவிக்க மாட்டியளோ?"

"சொல்லும்."

"அவ போன் எடுத்துச் சொன்னவ. அப்பா எப்பிடியும் பாக்க வருவார், ஏதும் சாட்டுச் சொல்லுவார் எண்டு. நீங்கள் ஹெல்மெட்டோடை நிண்டு ரயிலுக்கு நிக்கிறன் எண்ட உடனை எனக்கு விளங்கீட்டுது."

"அவ எண்டால் ஆர்?"

"உங்கடை மகள். விளையாடக் கேட்டால் தோத்துப் போங்கோ எண்டவ. அப்பாவுக்குத் தோத்தால் தாங்கேலாதாம். வீட்டிலை கரம் விளையாடினாலும் எல்லாரும் விட்டுக் குடுக்கிறதுதானாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு அது பிடிக்கேல்லை அங்கிள். ஆனா அவ அழுதவ," என்றான்.

மகள் எனக்குத் தெரியாமல் இவனோடு கதைத்திருக்கிறாள் என்பதற்கு எனக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "எல்லாரும்" என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன்.

சண்டைக்காலத்தில் மின்சாரம் இல்லாத அந்த வருஷங்களில் எங்கள் வீட்டுப் பொழுதுபோக்கே பலகையில் காய் சுண்டுகிற கரம்தான். நானும் மனைவியும் மகளும், இப்போது சுவிஸில் இருக்கும் மகனும், விளக்கைச் சுற்றி இருந்து விளையாடுவோம். எங்கள் வீட்டில் என்னை வெல்ல ஆள் இல்லை. வந்த விருந்தாளிகளுக்கும் அதைச் சொல்லியிருக்கிறேன். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டாலும், உள்ளுக்குள் நான் அசல் சர்க்கரை என்றுதான் நினைத்திருந்தேன். ஊரிலுள்ள ஒவ்வொருவனையும் சந்தேகித்தவனுக்குத் தன் முதுகு தெரியவில்லை.

வீட்டுக்குப் போனபோது மத்தியானச் சாப்பாடு மேசையில் இருந்தது.

"கரம் பலகையை எடுங்கோ," என்றேன்.

"இப்ப என்னத்துக்கப்பா? சோறு ஆறப்போகுது," என்றாள் மனைவி.

நானே அலுமாரிக்குப் பின்னால் இருந்து இழுத்தெடுத்துத் தூசி தட்டி நிலத்தில் வைத்தேன். பவுடரைத் தூவி மனைவியைக் கூப்பிட்டேன். "உம்மடை பாட்டுக்கு விளையாடும். விட்டுக் குடுத்தால் எனக்குத் தெரியும்," என்றேன். அவள் மகளைப் பார்த்தாள். மகளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சுவரோடு சாய்ந்து நின்றாள்.

மனைவி சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து இருந்தாள். முதலில் கை தயங்கியது. பிறகு தயங்கவில்லை. காய்கள் அடுத்தடுத்து விழுந்தன. தன் பக்கத்து மூலையை ஒட்டிக் கிடந்த ஒரு காயைப் பெருவிரலால் பின்பக்கமாகச் சுண்டிப் போட்டாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பெருவிரல் அப்படி வேலை செய்து நான் கண்டதில்லை. சிவப்புக் காயும் அவளுக்கே போனது.

"எங்கை பழகினது?"

"கலியாணத்துக்கு முந்தி அண்ணையவையோடை விளையாடுறனான்."

"இவ்வளவு காலமும் ஏன் விட்டுக் குடுத்தனீர்?"

அவள் காய்களைப் பெட்டிக்குள் அடுக்கியபடி சொன்னாள். குரலில் கோபம் இல்லை. "கலியாணம் கட்டின புதுசிலை ஒருக்கா வெண்டனான். நீங்கள் பலகையைப் பிரட்டிப்போட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திட்டியள். அண்டைக்கு வீட்டிலை ஒருத்தரும் சாப்பிடேல்லை. பிள்ளையள் பிறந்தாப் பிறகு எனக்கு அந்தத் துணிவு வரேல்லை."

எனக்கு அது ஞாபகமே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஆனால் அதைச் சந்தேகிக்க முதல் தடவையாக எனக்கு மனம் இடம் தரவில்லை. சுவிஸில் இருக்கும் மகன் போனில் "எல்லாம் சரி அப்பா, எல்லாம் நல்லம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறவன். அவனும் இப்படித்தான் எனக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டு இருக்கிறானா?

மகளைப் பார்த்தேன். "வாற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெடியனையும் தாய் தேப்பனையும் வரச் சொல்லு. எனக்குச் சம்மதம்," என்றேன்.

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என்னை நம்பவில்லை. தாயின் முகத்தைப் பார்த்தாள். தாய் என் முகத்தைப் பார்த்தாள். அங்கே என்ன ஒளிந்திருக்கிறது என்று இருவரும் தேடினார்கள். அப்படித் தேட அவர்களைப் பழக்கியவன் நான்தான்.

"உண்மையாத்தானோ அப்பா?"

"ஓம்."

எழும்பிக் கை கழுவிவிட்டு மேசைக்குப் போனேன். மூன்று தட்டுகளிலும் நானே சோறு போட்டேன். இருவரும் வந்து இருந்தார்கள், ஆனால் தட்டைத் தொடவில்லை. நான் முதல் பிடியை வாயில் வைத்து விழுங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் சாப்பிடத் தொடங்கினார்கள்.