கிழியாத தாள்

மஹய்யாவ மலைச்சரிவில் எங்கள் வீட்டுப் பின்சுவரில் ஒரு வெடிப்பு இருக்கிறது. அதன் குறுக்கே அப்பா பழைய பத்திரிகைத் தாளைக் கீலம் கீலமாக வெட்டி, கஞ்சிப் பசை தடவி ஒட்டியிருந்தார். பின்னாலுள்ள மேட்டு மண் அசைந்தால் தாள் கிழியும். கிழிந்தால் வீட்டை விட்டு ஓட வேண்டும். எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம்.

அந்தச் சுவருக்குப் பக்கத்து மேசையில்தான் என் ஆராய்ச்சி நடக்கிறது. தன்னந்தனியாகக் கிடக்கும் குட்டி விண்மீன் மண்டலங்களோடு மாரடிக்கிறேன். அவற்றில் வாயு சுழலும் வேகத்துக்கு, கண்ணுக்குத் தெரியும் பாரம் போதவே போதாது. தெரியாத கரும்பொருள் ஒன்று அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அது எவ்வளவு என்பதை வாயுவின் ஓட்டத்தை வைத்தே கணிக்கிறோம். பக்கத்தில் பெரிய மண்டலம் இருந்தால் வாயுவை இழுத்துக் குழப்பிவிடும், கணக்கு பொய்யாகிவிடும். அதனால்தான் தனியாக இருப்பவற்றைத் தேடுகிறேன். மாநகர சபையில் வீதி வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவிடம் இதைச் சொன்னபோது, சுவரைக் காட்டிச் சிரித்தார்.

"நம்ம தாளும் அதே வேலதானே பாக்குது? கண்ணுக்குத் தெரியாத மண்ணோட அசைவக் காட்டுது."

போன மழைக்காலத்தில் வானம் விடவே இல்லை. தெல்தெனியப் பக்கம் மண் சரிந்து பாதை அடைபட்டதாக வானொலி சொன்னது. கோயில் மண்டபத்துக்குப் போய்விடலாமா என்று கேட்டேன். அப்பா தேத்தண்ணீரோடு வந்து தாளைப் பார்த்தார்.

"கிழியலயே. ஏம்மா சும்மா பயப்படுற?"

நம்பினேன். நம்பாமல் எப்படி அங்கே உட்கார்ந்து வேலை செய்வது? திரையில் இருந்த மண்டலத்தின் வாயு ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது. இதன் வேகத்தை நம்பக் கூடாது என்று ஒதுக்கி வைத்தேன். அப்போதுதான் என் கண் சுவருக்குப் போனது. எழுந்து தாளைத் தொட்டேன். நனைந்து ஊறிப்போயிருந்தது. பசை இளகி, ஒரு நுனி சுவரை விட்டே வந்திருந்தது. அதன் பின்னால், முன்பு நகம்கூட நுழையாத வெடிப்பில் என் சுண்டுவிரல் நுழைந்தது.

"அப்பா, தாளு சுவர விட்டுருச்சு! பிடிச்சிருந்தாதானே கிழியும்!"

அப்பா தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் அதுவரை கண்டதில்லை. அம்மா கேஸ் அடுப்பை மட்டும் அணைத்தார். போட்டது போட்டபடி கோயில் மண்டபத்துக்கு ஓடினோம்.

வீடு விழவில்லை. போக வேறு இடமும் இல்லை. மழை விட்டதும் திரும்பி வந்தோம். அப்பா வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை சீமெந்து வைத்துப் பதித்தார். அது ஊறாது, இளகாது. மண் கொஞ்சம் நகர்ந்தாலும் வெடித்துவிடும். எனக்கு அதனால் பயம் கூடிவிட்டது. தாள் கிழிந்தால் ஈரத்தில் பொய் சொல்கிறது என்றாவது நினைத்துக்கொள்ளலாம். கண்ணாடி வெடித்தால் அப்படி நினைக்க வழியில்லை. மழை தொடங்கினால் திரையில் உள்ள எண்கள் மண்டையில் ஏறுவதில்லை, காது சுவரிலேயே இருக்கிறது.

கண்ணாடியில் இன்னும் கீறல் விழவில்லை. அப்பா காலையும் மாலையும் டோர்ச் அடித்துப் பார்க்கிறார். பயப்படாதே என்று மட்டும் இப்போது சொல்வதில்லை.