கிடங்கு வெட்டப் போனவர்

என் மனுசன் கனகசிங்கத்துக்கு எழுபத்திரண்டு வயது. ஒரு காலத்தில் எங்கள் ஊர்ச் சல்லிக் கரையில் பேத்தை மீன் பட்டால் அவரைத்தான் தேடி வருவார்கள். பேத்தை நஞ்சு மீன். ஈரலோ முட்டையோ ஒரு துண்டு சதையோடு தங்கிவிட்டால் முதலில் உதடு விறைக்கும், பிறகு நாக்கு, பிறகு மூச்சு. ஆனாலும் ருசி கண்டவன் விடமாட்டான், என்ன செய்வது! கனக அண்ணை வெட்டினால் கண்ணை மூடிக்கொண்டு தின்னலாம் என்று ஊரில் ஒரு கதை. இப்போது கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிறவர் அவர்தான். அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

கண்ணில் வெள்ளை படர்ந்து இரண்டு வருடம். ஒரு நாளாவது வாய் திறந்து சொன்னாரா? சைக்கிளைக் கொண்டுபோய் எங்கள் வேலியிலேயே மோதிவிட்டு வேலியைத் திட்டுவார். படலையில் ஆள் வந்து நின்றால் குரல் கேட்கும்வரை பேசாமல் இருப்பார். கேட்டதும், "அட நீயோ, தூரத்திலயே கண்டனான்" என்பார். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். ஆனால் சொல்லிக் காட்டவில்லை. வள்ளத்தை விற்றபிறகு அந்த மனுசனிடம் மிச்சம் இருந்தது அந்தக் கத்தி ஒன்றுதான். அதையும் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு முழங்கால் ஏலாது என்று நானே சாட்டுச் சொல்லி, ஊராருக்கு வெட்டுவதை மட்டும் நிறுத்திவைத்தேன். வீட்டுக்கு வெட்டுவதை எப்படி நிறுத்துவது?

அதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன். வெட்டி முடிந்ததும் குடல், ஈரல் எல்லாவற்றையும் நாயும் காகமும் தொடாமல் கரையில் கிடங்கு வெட்டித் தாட்டுவது வெட்டினவர் வேலை. அவர் மண்வெட்டியோடு போனதும் நான் சட்டியை இழுத்துவைத்து ஒவ்வொரு துண்டாகத் தடவிப் பார்ப்பேன். ஏதாவது ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஒருமுறை சுண்டுவிரல் அளவு ஈரல்.  கண்டதை அடுப்பு நெருப்பில் எறிந்து, திரும்பக் கழுவி வைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவள் மாதிரித் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். அவர் வியர்க்க விறுவிறுக்க, ஆறுதலாக அரை மணித்தியாலம் கழித்து வந்து சேருவார்.

போன சனிக்கிழமை எங்கள் மகன் இராகுலன் நாலு வருடத்துக்குப் பிறகு கட்டாரிலிருந்து வந்திருந்தான். அவனைப் பார்க்க மகள் சுஜானியும் டவுனிலிருந்து வந்தாள். அவன் நல்லபடி வந்து சேர்ந்ததற்கு முத்துமாரியம்மனுக்கு ஒரு நேத்திக்கடன் இருந்தது. நான் கோயிலுக்குப் போகும்போது வீட்டில் மீனே இல்லை. திரும்பி வந்தால் படலையிலேயே பேத்தைக் கறி மணக்கிறது.

"ஆர் சமைச்சது?"

"நான்தானம்மா. மீன் கரையில வாங்கினது. அப்பா வெட்டித் தந்தவர், உடனே அடுப்பில வைச்சிட்டன். நீங்கள் கதிரையில இருங்கோ, சும்மா ஓடித் திரியாதேங்கோ" என்றாள் சுஜானி.

"குடலைத் தாட்டாச்சோ?"

"நான் தாட்டிட்டன்" என்றான் இராகுலன். "அப்பாவை விடேல்ல. இந்த வயசில மண்வெட்டியோ!"

பிள்ளைகள் எங்களுக்கு நல்லது செய்கிறார்களாம்! அந்தச் சட்டியை நான் தடவிப் பார்க்கவில்லையே!

பின்வளவில் பாய் விரித்து, நடுவில் கறிச்சட்டி. எங்கள் பக்கத்தில் பேத்தைக்கு ஒரு முறை இருக்கிறது. வெட்டினவர்தான் முதல் வாய் தின்னவேண்டும். அவர் தின்று, வெற்றிலை போட்டு, உதட்டைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினபிறகுதான் மற்றவர்கள் தங்கள் சோற்றுப் பீங்கானில் கைவைப்பார்கள்.

"முதல் வாய் எனக்கு" என்றார் அவர். குரல் வழமையான குரல் இல்லை.

"கொஞ்சம் பொறுங்கோ, நான் உப்புப் பாக்கிறன்" என்று அகப்பையை விட்டுக் கிளறினேன். மிளகாய்த்தூள் நிறத்தில் எல்லாத் துண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. எது சதை, எது ஈரல்?

"உப்பு நான் பாத்துத்தான் போட்டனான்" என்று சுஜானி அகப்பையை வாங்கிக்கொண்டாள்.

"இண்டைக்கு இது வேண்டாம் பிள்ளையள். எனக்கு மனம் சரியில்ல."

"அம்மா, அப்பா வெட்டினதிலயும் உங்களுக்குச் சந்தேகமோ?" இராகுலன் சிரித்தான்.

அவர் சிரிக்கவில்லை. என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "போடு பிள்ளை" என்றார் சுஜானியிடம்.

சோற்றில் கறி விழுந்தது. அவர் குழைத்தார். நாலு வருடம் கழித்து வந்த மகனுக்கு முன்னால், உன்ர அப்பாவுக்குக் கண் தெரியாது என்று எப்படிச் சொல்வேன்? சொன்னால் மானத்தில் செத்துப்போவார். சொல்லாவிட்டால் உண்மையாகவே செத்துப்போவார். கை நெஞ்சளவுக்கு வந்துவிட்டது.

நான் எழும்பினேன். கால் தடக்கினவள் மாதிரி அப்படியே அவர்மேல் விழுந்து பீங்கானைத் தட்டிவிட்டேன். மற்றக் கை சட்டியைக் கவிழ்த்தது. கறி முழுவதும் மண்ணில்.

"ஐயோ அம்மா! என்ன வேலை பாத்தனீங்கள்?" சுஜானி கத்தினாள். இராகுலன் என்னைத் தூக்கி இருத்தினான். பிறகு இரண்டு பேரும் என் தலைக்கு மேலாகவே கதைக்கத் தொடங்கினார்கள், நான் அங்கே இல்லாததுபோல.

"இவவுக்கு நல்லா வயசு போட்டுது. இனி அடுப்படிக்கு விடக் கூடாது."

"ஓம், தனிய விட ஏலாது. நீ டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போ. டொக்டரிட்டயும் காட்டு."

கிழவி என்ற பெயர் எனக்கே வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் டவுனுக்கோ? நான் போனால் இவருக்குப் பின்னால் கழுவுகிறது யார்?

"நிப்பாட்டுங்கோ" என்றார் அவர். "அவ விழேல்ல. வேணுமெண்டுதான் தட்டினவ. எனக்குக் கண் தெரியாது. ரெண்டு வரியமாத் தெரியாது. நான் வெட்டுறதை அவதான் திரும்பக் கழுவுறவ."

 பிள்ளைகளைவிட நான்தான் திகைத்துப்போனேன்.

"நான் கழுவுறது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாமலோ? அதுக்குத்தானப்பா நான் கிடங்கை ஆறுதலா வெட்டுறனான்."

எனக்கு வந்த கோபம்! "தெரிஞ்சுகொண்டோ இண்டைக்குத் தின்னப் போனீங்கள்? மனுசனோ நீங்கள்!"

"முதல் வாய் நான்தானே. எனக்கு ஏதும் நடந்தால் பிள்ளையள் தொடமாட்டினம் எண்டு நினைச்சனான்."

"அப்ப நான்?"

அவர் கையை நீட்டித் தடவி, என் தோளைக் கண்டுபிடித்தார். நான் வாய்விட்டு அழுதேன், பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்றும் பாராமல்.

"திங்கக்கிழமை கண் கிளினிக்குக்குப் போவம்" என்றார். "நீ முன்னால நட. நான் தோளைப் பிடிச்சுக்கொண்டு வாறன்."

"ஊர் பாக்குமே" என்றேன் வேண்டுமென்றே.

"பாக்கட்டும்."

கறியையும் மண்ணையும் சேர்த்து அள்ளிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் கரைக்குப் போனோம். அதில் நஞ்சு இருந்ததோ இல்லையோ, இன்றுவரை தெரியாது. கிடங்கை அவர்தான் வெட்டினார். மளமளவென்று வெட்டி முடித்துவிட்டார், கள்ள மனுசன்!