நான் உட்கார்ந்த கப்பல்

எங்கள் தீவு சுதந்திரம் அடைவதற்கு முந்தைய வருஷம், ட்ரியோலேயிலிருந்து தலைநகர் போகும் பஸ்ஸில் ஒரு கப்பலின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பழைய கடற்பயணம் ஒன்றின் நினைவு நாணயத்துக்காகப் பக்கத்து இருக்கைக்காரர் பிளாஸ்டரில் செய்திருந்த மாதிரி வடிவம் அது. தலைநகர் போர்ட் லூயிஸில் அரசு அலுவலகத்தில் அதைக் கொடுக்க அன்றே கடைசி நாள். மூக்குக்கண்ணாடியெல்லாம் வெள்ளைத்தூசியாக, பஸ் குலுங்கும்போதெல்லாம் அதைத் தூக்கிப் பிடித்து ஊதிக்கொண்டே வந்தவர், டிக்கெட் எடுக்கத்தான் ஒரு நொடி இருக்கையில் வைத்தார்; பையிலிருந்து காசெடுக்க எழுந்த நான் அதன் மேலேயே உட்கார்ந்தேன்.

"மிஸ்யே, ஐயா, நம்ம தீவுப் பாறையில உடையாத கப்பல் ஏது?" என்று சிரித்தேன்.

"பாய்மரம் உங்க கால்சட்டையில ஒட்டியிருக்கு. எடுத்துக் குடுங்க."

கொடுத்தேன். பொருத்திப் பார்த்தார், பாய்மரம் ஒட்டி நிற்கவில்லை. போர்ட் லூயிஸில் எல்லோரும் இறங்கினோம். அவர் மட்டும் துண்டுகளை மடியில் வைத்தபடி இறங்காமலே இருந்தார்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. "அவ்வளவு பேசின வாய்க்கு, மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை வரலியா?"