முகத்துவாரம் வெட்டிய மாரியில் என் மீன்தொட்டி

மீன்தொட்டியில் செடி வளர்ப்பது பெரும் பாடு என்பவர்களோடு நான் சண்டைக்கே போவேன். கல்லடியில் எங்கள் வீட்டுத் தொட்டியில் வளர்வது தண்ணீரில் மிதந்தே வளரும் வேலம்பாசி. அதற்கு மண்ணும் வேண்டாம், உரமும் வேண்டாம். யன்னலோரம் வைத்து, குறைகிற தண்ணீரை நிரப்பினால் போதும். மாரியில் மழை வெள்ளம் சேர்ந்து வாவித் தண்ணீர் உப்பில்லாமல் இருப்பதால், வீட்டுக்குப் பின்னாலேயே வாளியில் அள்ளி ஊற்றிவிடுவேன்.

சென்ற மாரியில் வாவி பெருகி எங்கள் வயல் வட்டையில் வேளாண்மை மூழ்கியது. வாவி கடலைச் சேரும் முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடச்சொல்லி, அரசாங்கக் கச்சேரி வாசலில் சத்தம் போட்டவர்களில் நானும் ஒருவன். வெட்டினார்கள். வெள்ளம் வடிந்து பயிர் தப்பியது. அதுவரை நான் வயலிலேயே கிடந்ததில் தொட்டியில் பாதித் தண்ணீர்தான் மிஞ்சியிருந்தது. பயிர் தப்பிய சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து வழக்கம்போல வாவியில் அள்ளி நிரப்பினேன்.

இரண்டொரு நாளில் பாசி கூழாகித் தண்ணீர் நாறியது. கப்பி மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பாசிக்கு ஏதோ நோய் என்று அடித்துச் சொன்னேன். மனைவி தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள்.

"இஞ்ச பாருங்க, உப்புக் கரிக்குது. வெள்ளம் போன வழியால கடல் உள்ளுக்கு வராதெண்டா நினைச்சீங்க?"

உடனே நல்ல தண்ணீர்க் கிணற்றில் அள்ளி மாற்றினோம். மீன்கள் பிழைத்தன. அழுகாமல் கிடந்த ஒரு நுனியைக் கிள்ளி மிதக்கவிட்டேன். இன்று தொட்டி நிறையப் பாசி.

வாவித் தண்ணீரை இப்போதும் அள்ளுகிறேன். ஆனால் முதல் மிடறு எனக்கு, மிச்சம்தான் மீனுக்கு.