எனக்கு மட்டும் பூத்த கள்ளி

நான் பொய் சொன்னேன். பூத்திருந்த ஒரு செடியைச் சாகக் கிடக்கிறது என்று சொல்லி, அதில் சரிபாதி உரிமையுள்ளவளைப் பார்க்கவிடாமல் செய்தேன். சந்தோஷம் தாங்காமல் சொன்ன பொய் அது!

கேளுங்கள்... இதைச் சொல்ல உங்களைத் தவிர எனக்கு ஆள் இல்லை.

ஐம்பதுகளின் கடைசி. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரே தகரக் கூரையின் கீழ் இரண்டு வீடுகள். ஒன்றில் நானும், வன அலுவலகத்தில் எழுத்தராக இருந்த என் கணவரும். நடுச்சுவருக்கு அப்பால் பாத்திமாவும், பஜாரில் கம்பளிக்கடை வைத்திருந்த அவள் கணவரும். என்னைவிடச் சிறியவள், அக்கா என்பாள். இருவருமே கீழ்நாட்டிலிருந்து மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். குளிர் பொறுக்காமல் ஒரே குமுட்டி அடுப்பில் கை காய்ந்து சிநேகமானவர்கள்.

ஏரிக்கு மேலே பங்களாவில் இருந்த வெள்ளைக்காரி சீமைக்குத் திரும்பும்போது, மிஞ்சிய சாமான்களை வாசலில் பரப்பி, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டியது ஒரு சின்னத் தொட்டிக்கு! எலுமிச்சம்பழம் போல உருண்டையாக ஒரு கள்ளி. பூனைக்குட்டி மீசையாய் வெள்ளை முள். விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனம் வரவில்லை. சிரித்துக்கொண்டே பங்கு போட்டோம். ஒரு மாதம் என் ஜன்னலில், மறுமாதம் அவள் ஜன்னலில்.

அதை வளர்க்க நாங்கள் பட்ட பாடு! அடியில் ஓட்டுச்சில்லு, மேலே ஆற்று மணல், கொஞ்சம் கரித்தூள். தண்ணீர் தேங்கவே கூடாது. பனிக்காலத்தில் தண்ணீரே கூடாது. மழை மாதங்களில் மேகம் ஜன்னல் வழியே வீட்டுக்குள் வந்துவிடும். அப்போது தொட்டி அடுப்பங்கரைப் பரணுக்கு ஏறும். கொஞ்சம் வெளுத்தால் போதும், வெரசா வெயிலில் வைக்கச் சொல்லிச் சுவரைத் தட்டுவாள் பாத்திமா. இத்தனை செய்தும் அது பூக்கவில்லை. பூக்காவிட்டால் என்ன என்று இருவரும் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்வோம்.

பிறகு ஒரு மார்ச் மாதம். என் முறை முடியும் தறுவாய். முள்ளுக்கு நடுவே, அடிப்பக்கத்தில், சிவப்புப் புள்ளிகள்... மொட்டுகள்!

சொல்ல ஓடினேன். வாசற்படிவரை ஓடினேன். அங்கேயே நின்றுவிட்டேன்.

மாதம் பிறந்தால் தொட்டி அவள் ஜன்னலுக்குப் போய்விடுமே! பூ அங்கே விரியும். நான் விருந்தாளியாய்ப் போய்ப் பார்க்க வேண்டும். ஏன் அப்படித் தோன்றிற்று? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவள் தொட்டியை வாங்க வந்தபோது, அடி அழுகத் தொடங்கிவிட்டது, அசைத்தால் போய்விடும், உள்ளறையில் வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். நாக்கு தடுமாறவே இல்லை.

அவள் முகம் சுருங்கிவிட்டது.

"நாந்தான் போன தடவ தண்ணி கூட ஊத்திட்டேன் போலருக்குக்கா."

இல்லை என்று ஒரு சொல் போதும். சொன்னேனா? பார்க்கலாம் என்றேன்... பெரிய மனதுடன் மன்னிப்பவளைப் போல!

மறுநாள் பூத்தது. அடியைச் சுற்றி வளையமாக, தணல் நிறத்தில். உடம்பைவிடப் பூ பெரிதாயிருந்தது! உள்ளறை ஜன்னலில் வெயில் பட்டதும் விரிந்தது. என் கணவர் வீடு திரும்புமுன் கூம்பிவிட்டது. மறுநாள் மறுபடியும் விரிந்தது. கதவைத் தாழிட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிடுவேன். சோறு குழைந்தது. பால் பொங்கி வழிந்தது. கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டேன்... ஒரு கள்ளிப் பூவுக்காக! அத்தனை சந்தோஷமாக நான் அதற்குமுன் இருந்ததில்லை.

சுவருக்கு அப்பால் பாத்திமா செடி பிழைக்க வேண்டுமென்று துஆ கேட்டுக்கொண்டிருந்தாள். தேறிவிடுமா என்று தினமும் வந்து விசாரித்துப் போனாள்.

வாடிய பூக்களை நகத்தால் கிள்ளி அடுப்பில் போட்டேன். செடி பிழைத்துவிட்டது என்று தொட்டியைக் கொடுத்தேன். அவள் என் கைகளைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

அடுத்த ஆண்டு அவள் முறையில் பூத்தது. வெள்ளனே வந்து கதவைத் தட்டி, காரணம் சொல்லாமல் என்னை இழுத்துப் போனாள். ஜன்னலில் தொட்டியின்மேல் ஒரு துணி.

"மொட்ட நேத்தே பாத்துட்டேன். ஒங்கள விட்டுட்டு நா மட்டும் எப்படிக்கா பூவப் பாக்குறது? அதான் மூடி வச்சிட்டேன்."

துணியை எடுத்தாள். வெயில் விழுந்தது. எங்கள் கண்ணெதிரே ஒவ்வொன்றாக விரிந்தன! அவள் குழந்தையாய்க் கைகொட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். நம்புங்கள், அந்தச் சிரிப்பில் பொய் இல்லை. அவள் கணவர் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். தெருவே வந்தது. எல்லோருக்கும் இஞ்சித் தேநீர்.

வந்தவர்களிடமெல்லாம் அவள் ஒன்றையே சொன்னாள்.

"சாகக் கெடந்த செடிங்க. அக்கா கைராசிதான் பொழைக்க வச்சுது."

நான் தலையாட்டினேன்.

சில ஆண்டுகளில் அவர்கள் பழனிக்குக் கடையை மாற்றிக்கொண்டு போனார்கள். போகும்போது பக்கத்தில் கிளைத்த ஒரு குட்டியைக் கேட்டாள். என் கையாலேயே நட்டுத் தரச் சொன்னாள். மணலை அணைத்து அழுத்தியபோது உண்மையைச் சொல்லிவிடலாமென்று தோன்றிற்று... இன்னொரு பிடி மணலைப் போட்டு அழுத்தினேன்.

வருந்துகிறாயா என்பீர்கள். வருந்துகிறேன். தனியே பார்த்த அந்த நாட்களை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிடு என்று யாரேனும் சொன்னால்?

கொடுக்க மாட்டேன்... அதுதான் என்னை உறுத்துகிறது.