வெறும் ‘போ’

திருப்பதி ஆஸ்பத்திரியில் என் சிநேகிதி படுத்திருந்த கட்டிலைச் சுற்றி எப்போதும் எங்கள் சர்ச் கூட்டம்தான். சித்தூரிலிருந்து பஸ் பிடித்து வருவார்கள். தலைமேல் கை வைத்து, இவள் எழுந்து நடக்க வேண்டும் என்று ஆண்டவருக்கே உத்தரவு போடுவதுபோல ஜெபிப்பார்கள். டாக்டர் கைவிரித்தது அவர்களுக்கும் தெரியும். எனக்கு எரிச்சலாக வரும். அவளும் நானும் மாங்கூழ் கம்பெனியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பழம் அறுத்தவர்கள், ஒன்றாக ஞானஸ்நானம் எடுத்தவர்கள். அவள் முகம் சுளித்தால் எனக்குக் காரணம் தெரியும்.

அன்று மதியம் கூட்டம் கலைந்த பிறகு சொன்னாள். “எல்லாரும் நான் எழுந்து வருவேன்னே சொல்லிக்கினு கீறாங்க. போறவளுக்கு விடை குடுக்க ஒருத்தருக்கும் மனசு வர்ல. நீயாவது குடுடீ.”

“இன்னா பேச்சு இது. வாய மூடிக்கினு படு,” என்றேன்.

அவள் விடவில்லை. வேதத்தில் அவளுக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஆடு மேய்த்த ஒருவனை ராஜா கொல்லத் தேடுகிறான், அவன் தப்பி ஓட வேண்டும். ராஜாவின் மகன்தான் அவனுக்கு உயிர்ச் சிநேகிதன். வயல்வெளியில் இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். ராஜாவின் மகன் அவனைப் பிடித்து வைக்கவில்லை. சமாதானமாகப் போ என்று அனுப்பிவிட்டு ஊருக்குள் திரும்பிவிடுகிறான்.

“அவன் ‘போய்ட்டு வா’ன்னு சொல்லலடீ. ‘போ’ன்னான். நீயும் அப்டியே சொல்லு.”

எங்கள் பக்கத்தில் கடைக்குக் கிளம்புகிறவனைக்கூட ‘போய்ட்டு வா’ என்றுதான் அனுப்புவோம். வெறும் ‘போ’ என்பது துரத்துகிற சொல். அவள் என் கையை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். வலி பொறுக்காமல் கடித்துக் கடித்து உதடெல்லாம் புண்ணாகியிருந்தது.

“போடீ,” என்றேன். “சமாதானமா போ.”

சொல்லிவிட்டு, கட்டில் விளிம்பில் தலையை வைத்து அழுதேன். அவள் அழவில்லை, நிம்மதியாக மூச்சு விட்டாள். அதுவும் எனக்குக் கோபமாகத்தான் இருந்தது.

நர்ஸ் வந்து, “டைம் அயிபோயிந்தி, வெள்ளண்டி” என்று, பார்வை நேரம் முடிந்ததைத் தெலுங்கில் சொல்லி விரட்டினாள். நான் வாசலைத் தாண்டும்போது பின்னால் சிநேகிதியின் குரல் கேட்டது.

“போய்ட்டு வா.”

பழக்கத்தில் சொன்னாளா, யோசித்துச் சொன்னாளா, தெரியவில்லை. பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அந்த வாரமே அவளைப் பெட்டியில் வைத்துச் சித்தூருக்குக் கொண்டுவந்தார்கள்.

சாவுக்குப் போனவர்கள் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. ‘வரேன்’ என்றால் இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும். செத்தவர்களை மறுபடி பார்ப்போம் என்று நம்புகிறவர்கள்தான் நாங்கள் எல்லாரும், ஆனாலும் இந்தப் பயம் எங்களை விட்டுப் போகவில்லை. குழியை மூடியதும் எல்லாரும் வாய் திறக்காமல் நடந்தார்கள். நான் மட்டும் குனிந்து, “வரேன்டீ,” என்றேன்.

அவளுடைய மாமியார் என் தோளைப் பிடித்து இழுத்தாள். “சாவுக்கு வந்த எடத்துல இன்னா வார்த்த சொல்ற?”

“அவதான் அத்த வரச் சொன்னா,” என்றேன்.